தாதியின் சாட்சியம்

வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால் ஜனங்கள் முதலில் விசாரிப்பது டாக்டரின் பெயரையே. இன்னார் கைராசிக்காரர், இன்னார் ரண சிகிச்சையில் சமர்த்தர் என்று கேட்டறிந்து போகிறார்களேயன்றி, அங்கே ஒரு தாதியின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் விடப்பட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துப் போனவர் எவரையும் நாம் கண்டதில்லை. ஆயினும் டாக்டர் நோயாளியின் அருகில் இருப்பது நாளொன்றுக்குச் சில நிமிஷங்கள்தாம். மற்ற நேரம் முழுவதும் அந்த உயிர் தாதியின் கண்காணிப்பில் இருக்கிறது. நடு இரவில் நாடி துரிதப்படுவதையும், மூச்சு மாறுவதையும், தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவரின் பேச்சு சற்றே குழறுவதையும் முதலில் காண வேண்டியவர் அவரே. அந்த வேளையில் அவர் வேறு ஒன்பது கட்டில்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தால் காணமாட்டார். காணாததற்கு அவரைக் குற்றஞ்சொல்லவும் இயலாது.

இந்த விஷயம் தாதிமார் அனைவருக்கும் என்றும் தெரிந்ததே. தெரிந்தும் பயன் என்ன? "ஆள் போதவில்லை" என்று அவர்கள் முறையிட்ட போதெல்லாம், அது சம்பள உயர்வு கேட்பதற்கு முன்பாடும் பல்லவி என்றே நிர்வாகிகள் கொண்டனர். முறையிடுகிறவர் கட்சிக்காரர், கட்சிக்காரரின் வாக்குமூலம் ஒன்றையே நம்பி நியாயஸ்தலம் தீர்ப்பளிப்பதில்லை. வக்கீல் தொழிலில் பழகியவர்களாகிய நமக்கு இந்த வாதத்தின் பலமும் தெரியும், அது எத்தனை அநியாயங்களுக்குத் திரையாக இருந்திருக்கிறது என்பதும் தெரியும். கட்சிக்காரரின் அந்த வாக்குமூலத்தை எதிர்க்கட்சி மறுக்க முடியாத ருசுவாக மாற்றிய ஒருவரைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். அவர் தாமும் ஒரு தாதி. அமெரிக்க ஐக்கிய நாட்டில், பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் பேராசிரியராக அமர்ந்த லிண்டா எய்க்கன் அம்மையார்.

தாதித் தொழிலுக்கும் சர்வகலாசாலைக்கும் சம்பந்தம் ஏது என்று கேட்கும் வழக்கம் அந்நாட்டிலும் நெடுங்காலம் இருந்தது. கட்டுக் கட்டவும் படுக்கை மாற்றவும் கற்க ஆஸ்பத்திரியே போதும் என்பார்கள். அவ்வாறு கற்க வந்த பெண்களைக் கொண்டே ஆஸ்பத்திரி தன் வேலையையும் மலிவாக நடத்திக்கொள்ளும். நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியில் அடிலெய்ட் நட்டிங் என்ற தாதி 1907-இல் பேராசிரியரானது உலகத்திலேயே முதல் நியமனம் என்று சொல்லப்படுகிறது. தாதித் தொழில் ஆராய்ச்சிக்கென்றே ஒரு சஞ்சிகை அந்நாட்டில் தோன்றியது 1952-இல். கிரிமிய யுத்தத்தில் சிப்பாய்களின் மரணங்களை எண்ணிக் கணக்கெடுத்துப் பிரிட்டிஷ் சர்க்காரை அசைத்த ப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை, கையில் விளக்குடன் நிற்கும் கருணைத் தேவதையாக மட்டும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. அவர் கையிலிருந்த கணக்குப் புத்தகத்தை மறந்துவிட்டது.

எய்க்கன் அம்மையார் ப்ளாரிடா சர்வகலாசாலையில் 1964-இல் தாதித் தொழிலில் பட்டமும், 1966-இல் மேற்பட்டமும் பெற்றார். அந்தக் கலாசாலை 1956-இல் தொடங்கியது. அதன் முதல் தலைவியான டாரதி ஸ்மித், பாடஞ்சொல்லும் ஆசிரியை நோயாளியின் படுக்கையருகே வேலை செய்வதையும் கைவிடலாகாது என்ற கொள்கையுடையவர். தாமே செய்து பாராத வேலையைப் பிறருக்குப் போதிக்கும் ஆசிரியர்கள் நிறைந்த உலகத்தில் இது அருமையான கொள்கை. அந்தச் சூழலில் பயின்று, ஆஸ்பத்திரியில் தாதியாகவும் பணிபுரிந்த பின், எய்க்கன் அம்மையார் மேலும் படிக்கப் போனார். 1973-இல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றது சமூக சாஸ்திரத்தில். அக்காலத்தில் தாதித் தொழிலிலேயே டாக்டர் பட்டம் அளித்த சர்வகலாசாலைகள் மிகச் சில என்பது ஒருபுறமிருக்க, இந்தத் தேர்வு பின்னால் பெரிதும் பயன்பட்டது என்பது நமது அபிப்பிராயம். ஒரு நோயாளிக்கு என்ன செய்வது என்பது வைத்திய சாஸ்திரத்தின் கேள்வி. ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே படிப்புள்ள டாக்டர் என்றிருந்தும் ஓர் ஆஸ்பத்திரியில் பிழைப்பவர் மற்றோர் ஆஸ்பத்திரியில் ஏன் இறக்கிறார் என்பது சமூக சாஸ்திரத்தின் கேள்வி.

1974 முதல் 1987 வரை ராபர்ட் வுட் ஜான்ஸன் தர்ம ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்து உபதலைவர் பதவி வரை உயர்ந்தார். அது வைத்திய சம்பந்தமான காரியங்களுக்குப் பெருந்தொகை வழங்கும் ஸ்தாபனம். பணப்பையை வைத்திருப்பவர்கள் எதைக் கேட்டால் அசைவார்கள், எதைக் கேட்டால் கொட்டாவி விடுவார்கள் என்பதை அறிய இதைவிட நல்ல பாடசாலை கிடையாது. 1988-இல் பிலடெல்பியாவுக்கு வந்து பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். ஆஸ்பத்திரிகளின் பலாபலன்களை ஆராய்வதற்கென்று அங்கே ஒரு நிலையத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். பலர் செய்தது போதும் என்று அமரும் பருவத்தில் அவருடைய பிரதான வேலை தொடங்கிற்று.

முதல் ருசு ஒரு விசித்திரமான வழியில் கிடைத்தது. 1980-ஆம் வருஷங்களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தாதிமார் பஞ்சம் கடுமையாக இருந்தது. எங்கும் ஆள் கிடைக்காமல் தவிக்கையில் சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் தாதிமார் வேலையை விட்டுப் போகாமல் நிலைத்திருந்தனர். இரும்புத் தூளைக் காந்தம் இழுப்பதுபோல் அவை இழுக்கின்றன என்பதால் 'காந்த ஆஸ்பத்திரிகள்' என்று பெயரிட்டு, அத்தகைய 41 ஆஸ்பத்திரிகளை ஒரு தாதிமார் சபை 1983-இல் வெளியிட்டது. அந்தச் சபையின் கேள்வியெல்லாம் தாதிமாரின் திருப்தியைப் பற்றியதே. எய்க்கன் அம்மையாரோ வேறொன்று கேட்டார்: தாதிமார் தங்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் அதிகமாகப் பிழைக்கிறார்களா? அந்தப் பட்டியலில் 39 ஆஸ்பத்திரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எல்லா விதத்திலும் ஒத்த ஐந்தாக 195 ஆஸ்பத்திரிகளை எதிரே வைத்து, முதியோருக்கான அரசாங்க வைத்திய இன்ஷியூரன்ஸ் பதிவுகளிலிருந்து மரணக் கணக்கை ஒப்பிட்டார். காந்த ஆஸ்பத்திரிகளில் மரண விகிதம் 4.6 சதவிகிதம் குறைவாக இருந்தது. 1994-இல் இது வெளியாயிற்று. பணியாளரை மரியாதையாக நடத்துவது தர்மம் மட்டுமல்ல, அது ஒருவகைச் சிகிச்சையும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி அதற்கு முன் கிடைத்திருந்ததாக நாம் அறியோம்.

எனினும் இதில் ஓர் ஓட்டை இருந்தது. காந்த ஆஸ்பத்திரிகள் பலவிதத்திலும் நல்ல ஆஸ்பத்திரிகள். அவற்றில் உயிர் காத்தது தாதிமாரா, நல்ல நிர்வாகமா, நல்ல டாக்டரா என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்பாரல்லவா? அந்த ஓட்டையை அடைக்கச் செய்த ஆராய்ச்சியே அவர் பெயரை உலகறியச் செய்தது.

அதை அவர் நடத்திய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள் என்பதை யாரிடம் கேட்பது? நிர்வாகியைக் கேட்டால் சம்பளப் பட்டியலைக் காட்டுவார். அதில் லீவில் இருப்பவரும் மேஜையடியில் இருப்பவரும் சேர்ந்தே இருப்பார்கள். அனுமதி கேட்டுப் போனாலோ, அஞ்சத் தக்க காரணமுள்ள ஆஸ்பத்திரியே முதலில் கதவைச் சாத்தும். ஆகையால் எய்க்கன் அம்மையாரும் சகாக்களும் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை. பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் தாதியாக ரிஜிஸ்தர் செய்தவர்களின் ஜாபிதாவை எடுத்து, பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவரவர் வீட்டு விலாசத்துக்கே கடிதம் எழுதினர். நீங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி எது? கடைசியாக வேலை பார்த்த முறையில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள்? எஜமானருக்குத் தெரியாமல், வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிய பதில்கள் பாதிக்குமேல் திரும்பி வந்தன. ஒருவரையொருவர் அறியாத பல சாட்சிகள் ஒரே ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரே மாதிரி சொல்லும்போது அதைக் கலைக்க எந்தக் குறுக்கு விசாரணையாலும் ஆகாது. மற்றொரு பக்கம், நோயாளிகள் ஆஸ்பத்திரியை விட்டுச் சென்றபோது எழுதப்பட்ட சர்க்கார் தஸ்தாவேஜுகளும் மரணப் பதிவுகளும் இருந்தன. இரண்டையும் ஆஸ்பத்திரிவாரியாகப் பொருத்தினார்கள்.

168 ஆஸ்பத்திரிகள். 10,184 தாதிமார். 1998 ஏப்ரல் முதல் 1999 நவம்பர் வரை ரண சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகள். நோயாளியின் வயது, நோயின் கடுமை, ஆஸ்பத்திரியின் பருமன், அங்கே வைத்திய மாணவர் பயில்கின்றனரா, உயர்ந்த யந்திர வசதிகள் உண்டா என்பவற்றையெல்லாம் கணக்கில் கழித்த பிறகு நின்ற முடிவு இது: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் அபாயம் 7 சதவிகிதம் ஏறுகிறது. அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் 2002-இல் இது வெளிவந்தது. டாக்டர்களின் சொந்தச் சபையிலேயே தாதி எழுந்து சாட்சி சொன்னார் என்று கொள்ளலாம்.

இந்த 7 சதவிகிதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 100 பேரில் 7 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பதல்ல. மேற்சொன்ன நோயாளிகளில் இறந்தவர் மொத்தம் 4,535 பேர், அதாவது 100-க்கு 2 பேர். அந்த இரண்டு என்ற அளவின்மேல்தான் ஏற்றம். ஒரு தாதிக்கு 4 நோயாளிகள் உள்ள ஆஸ்பத்திரியையும் 8 நோயாளிகள் உள்ள ஆஸ்பத்திரியையும் ஒப்பிட்டால் அபாயம் 31 சதவிகிதம் மிகுகிறது; ஆயிரம் நோயாளிக்கு 5 மரணம் அதிகம் என்று கணக்கிட்டனர். ஐந்து என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தேசத்தில் வருஷந்தோறும் கத்திக்கு உடலைக் கொடுப்பவர்கள் லக்ஷக்கணக்கினர். அந்த ஐவரும் ரயில் விபத்தைப்போல் ஓரிடத்தில் ஒரே நாளில் மாளாமல், வெவ்வேறு ஊரில் வெவ்வேறு படுக்கையில் தனித்தனியே மாள்வதால், பத்திரிகைக்காரர்களாகிய நமது கண்ணிலும் அவர்கள் படுவதில்லை.

உயிர் எவ்வாறு போகிறது என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டிற்று. ஸில்பர் என்ற டாக்டரும் சகாக்களும் 1992-இல் வகுத்த ஓர் அளவு உண்டு. 'மீட்கத் தவறுதல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். ரண சிகிச்சைக்குப் பின் நிமோனியாவோ, ரத்தப்போக்கோ, வேறு உபத்திரவமோ தோன்றுவது பெரும்பாலும் நோயாளியின் சரீர நிலையைப் பொறுத்தது. மிகச் சிறந்த ஆஸ்பத்திரியிலும் தோன்றும். பென்ஸில்வேனியாவில் 53,813 பேருக்குத் தோன்றியது. தோன்றிய உபத்திரவம் மரணத்தில் முடியாமல் தடுக்கப்படுகிறதா என்பதே ஆஸ்பத்திரியின் தரத்தைக் காட்டும். அதைத் தடுப்பதற்கு முதலில் யாராவது ஒருவர் அதைக் காண வேண்டும். கண்டபின் டாக்டரை எழுப்ப வேண்டும். "விடியட்டும் பார்க்கலாம்" என்ற பதில் வந்தால் அதை ஏற்காமல் மறுபடியும் எழுப்பும் தைரியமும் வேண்டும். நோயாளிகளின் சுமை ஒன்று கூடும்போது இந்த மீட்கத் தவறும் அபாயமும் அதே 7 சதவிகிதம் ஏறியது. தாதிமாரின் மனச்சோர்வு 23 சதவிகிதமும், வேலையில் அதிருப்தி 15 சதவிகிதமும் ஏறின. சோர்ந்தவர் வேலையை விடுவார். மிஞ்சியவருக்குச் சுமை மேலும் ஏறும்.

அடுத்த வருஷம் வெளியிட்ட முடிவு தம் தொழிலுக்குள்ளேயே கலகத்தை விளைவித்தது. அமெரிக்காவில் தாதியாவதற்கு மூன்று வழிகள் உண்டு: ஆஸ்பத்திரிப் பயிற்சி, இரண்டு வருஷக் கலாசாலைப் படிப்பு, நான்கு வருஷச் சர்வகலாசாலைப் பட்டம். மூவரும் ஒரே பரீட்சை எழுதி, ஒரே லைசென்ஸுடன், ஒரே வேலையைச் செய்வார்கள். மேற்சொன்ன ஆஸ்பத்திரிகளில் பட்டம் பெற்ற தாதிமாரின் பங்கு சூன்யம் முதல் 77 சதவிகிதம் வரை இருந்தது. அந்தப் பங்கு 10 சதவிகிதம் கூடினால் மரண அபாயம் 5 சதவிகிதம் குறைகிறது என்று எய்க்கன் அம்மையார் 2003-இல் எழுதினார். தாதிமாரின் அனுபவ வருஷங்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது அத்தகைய பலன் தென்படவில்லை என்றும் எழுதினார். இரண்டு வருஷப் படிப்பை நடத்தியவர்கள் இதை ரசிக்கவில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்த தாதிமார் மனம் நொந்திருப்பார்கள், அது இயல்பே. ஏழைப் பெண்ணுக்கு இரண்டு வருஷப் படிப்பே எட்டும் என்ற ஆக்ஷேபத்தில் நியாயமும் உண்டு. அதற்குப் பரிகாரம் படிப்பைக் குறைப்பதா, ஏழைப் பெண்ணுக்கும் படிப்பை எட்டச் செய்வதா என்பதே கேள்வி. நியூயார்க் ராஜ்யம் 2017-இல் இரண்டாவது வழியைப் பார்த்தது: புதிதாக லைசென்ஸ் பெறும் தாதி, வேலை பார்த்துக்கொண்டே பத்து வருஷத்துக்குள் பட்டம் பெற வேண்டும் என்று சட்டம் செய்தது, முன்பே வேலையில் இருந்தவர்களை அது தொடவில்லை.

சட்டம் என்றதும் கலிபோர்னியாவைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே தாதிமாரின் சங்கம் போராடி, ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்று 1999-இலேயே சட்டமாக்கிற்று. 2004-இல் அமலுக்கு வந்தது. சாதாரண வார்டில் 6 பேர், 2005 முதல் 5 பேர் என்பது உச்சவரம்பு. நடுவில் கவர்னர் ஷ்வார்ஸநெகர் அவசர உத்தரவு ஒன்றால் இந்த 5 பேர் விதியைத் தள்ளிவைக்க முயன்றதும், தாதிமார் வழக்குத் தொடர்ந்து 2005-இல் ஜயித்ததும் நமது வாசகர்களில் ராஜீய ஊழியர்களாக உள்ளவர்களுக்கு ரஸமான விஷயங்கள். எய்க்கன் அம்மையாருக்கு இச்சட்டம் எதிர்பாராத ஒரு பரீட்சைச் சாலையாயிற்று. கலிபோர்னியா, நியூஜெர்ஸி, பென்ஸில்வேனியா ஆகிய மூன்றிலும் 22,336 தாதிமாரை விசாரித்து 2010-இல் எழுதியது என்னவெனில், கலிபோர்னியாவின் அளவை மற்ற இரண்டும் கைக்கொண்டிருந்தால் ரண சிகிச்சை மரணங்கள் நியூஜெர்ஸியில் 13.9 சதவிகிதமும், பென்ஸில்வேனியாவில் 10.6 சதவிகிதமும் குறைந்திருக்கும் என்பதே.

இவையெல்லாம் பணத்தில் புரளும் அமெரிக்காவின் கதை என்று தள்ளிவிடுவோரும் உண்டு. ஐரோப்பாவில் ஒன்பது தேசங்களில், 300 ஆஸ்பத்திரிகளில், 4,22,730 நோயாளிகளைக் கொண்டு அதே கேள்வியை அவரும் அத்தேசத்து ஆராய்ச்சியாளரும் கேட்டனர். 2014-இல் வந்த விடை மறுபடியும் அந்த 7 சதவிகிதமே. பிறகு தென் அமெரிக்காவில் சிலி தேசத்தின் 40 ஆஸ்பத்திரிகளில் கேட்டார்கள். 2021-இல் வந்த விடை நோயாளிக்கு 4 சதவிகிதம். தேசம் மாறினும் திசை மாறவில்லை.

எதிர்க்கட்சியின் கடைசி ஆக்ஷேபம் ஒன்று மிஞ்சியிருந்தது, அது கனமானதே. ஒரே காலத்தில் பல ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்று சொல்லலாமேயன்றி, ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று சாதிக்க முடியாது. சட்டத்துக்கு முன்னும் பின்னும் அதே ஆஸ்பத்திரிகளை அளக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்து ராஜ்யம் அதற்கு இடமளித்தது. 2016 ஜூலையில் அங்கே 27 சர்க்கார் ஆஸ்பத்திரிகளில், பகல் முறைகளில் தாதிக்கு 4 நோயாளி, இரவில் 7 நோயாளி என்ற விதி வந்தது. வேறு 28 ஆஸ்பத்திரிகளுக்கு விதி இல்லை. எய்க்கன் அம்மையாரின் நிலையத்தில் உருவான மக்ஹ்யூ என்பவர் முன்னின்று, அம்மையாரும் உடனிருந்து, இரு தரப்பையும் இரு காலத்திலும் அளந்து 2021-இல் வெளியிட்டனர். விதி வந்த இடங்களில் 145 மரணங்கள் தவிர்க்கப்பட்டன. புதிதாக நியமித்த தாதிமாருக்கான செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், நோயாளிகள் சீக்கிரம் குணமாகி வீடு திரும்பியதாலும், திரும்பவும் வந்து படுக்காததாலும் மிச்சமாயிற்று. தாதிக்குக் கொடுக்கும் சம்பளம் நஷ்டக் கணக்கில் எழுதத் தக்கதன்று என்பதை நிர்வாகிகளின் சொந்தப் பாஷையிலேயே எழுதிக் காட்டியாயிற்று.

இத்தனை ருசுவும் கையிலிருந்தும் ஜயம் தானாக வந்துவிடவில்லை. மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் இதே உச்சவரம்பை 2018 நவம்பரில் ஜனங்களின் நேரடி வாக்குக்கு விட்டார்கள். செலவு தாங்காமல் ஆஸ்பத்திரிகள் மூடப்படும் என்று ஆஸ்பத்திரி முதலாளிகள் பெரும்பணம் இறைத்துப் பிரசாரம் செய்தனர். 100-க்கு 70 பேர் வேண்டாம் என்று வாக்களித்தனர். படுக்கையில் விழாதவரை எவரும் தம்மை நோயாளியாக எண்ணிப் பார்ப்பதில்லை.

2019 டிசம்பரில் எய்க்கன் அம்மையாரின் நிலையம் நியூயார்க், இல்லினாய் ராஜ்யங்களின் தாதிமாருக்குப் பழைய வழக்கப்படி மறுபடியும் விசாரணை அனுப்பிற்று. தாதி ஒருவருக்கு ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று சொச்சம் நோயாளிகள், மற்றோர் ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய பத்து நோயாளிகள் என்று பதில்கள் வந்தன. சோர்ந்துவிட்டோம் என்று எழுதியவர்கள் பாதிக்கு மேல். 2020 பிப்ரவரியில் விசாரணை முடிந்தது. மார்ச்சில் நியூயார்க் நகரத்துக்குள் கொரோனா வந்தது. 2021-இல் அந்த ராஜ்யத்துச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. தாதிமார் கேட்ட உச்சவரம்பு எல்லா வார்டுகளுக்கும் கிடைக்கவில்லை. தாதிமாரும் நிர்வாகிகளும் ஒன்றாக உட்கார்ந்து எண்ணிக்கையைப் பற்றிப் பேச ஆஸ்பத்திரிதோறும் ஒரு கமிட்டி கிடைத்தது.